வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

1963 நவம்பர் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆவுடையப்பனாகிய நான். என் மனைவி மெய்யம்மை. காலஞ்சென்ற என் தம்பியின் மகன் முத்துராமன், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் பங்காளி உடையப்பன். இதே வீட்டின் மேற்குப் பாதி அவனுடையது. பம்பாயில் அணு ஆராய்ச்சி நடக்கும் கூடம் ஒன்றிலிருந்து வந்த அதிகாரி ரெங்கசாமி. எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் செவந்தி. ஏழாவதாக ஓர் ஆள் இல்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன், முகப்பில் நின்று கேட்டேன் என்று திருமயம் கடைத்தெருவரை சொல்லித் திரிகிறவர்கள் அன்றைக்கு எங்கள் தெருவிலேயே இல்லை. இரண்டாங்கட்டுக்குத் தெருப்பக்கம் சன்னலும் கிடையாது.

ரெங்கசாமி வந்த காரணத்தைச் சொல்கிறேன். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை முடிந்தபின் மிஞ்சும் கழிவுநீரில் கொஞ்சமாக அணுக்கதிர் இருக்கும். அதைச் சிமெண்டோடு குழைத்துக் கட்டியாக்கிப் பூமியில் புதைத்துவிடலாம் என்று அவர்கள் யோசித்திருந்தார்கள். புதைத்த கட்டி எத்தனை காலம் தாங்கும், நிலத்தடி நீர் அதைச் சுற்றி நின்றால் உள்ளே இருப்பது எவ்வளவு வெளியே கசியும், இதுதான் தெரிய வேண்டியது. நாட்டில் ஐந்து இடங்களில், ஐந்து வகைத் தண்ணீரில், கட்டிகளை ஊறப்போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. செம்புரான்கல் பூமித் தண்ணீருக்கு எங்கள் வீட்டுக் கிணறு அகப்பட்டது. கல்லூரியில் இடம் இல்லை என்று முத்துராமன் என்னிடம் வந்து கேட்டான்.

எங்களிடம் வந்த கட்டிகளில் கதிர் கிடையாது. கழிவுநீரில் இருக்கும் உப்புகளை மட்டும் அதே அளவில் சிமெண்டில் குழைத்து வார்த்தவை அவை. உப்பு எவ்வளவு கசிகிறது என்று பார்த்து மற்றதைக் கணித்துக்கொள்வார்கள். இதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் அவற்றை வாசற்படி ஏறவிட்டேன். அந்தக் கடிதம் இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. கேட்கிறவர்கள் வந்து பார்க்கலாம். நான்கு வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை. பேச மட்டும் பேசுகிறார்கள்.

ஒவ்வொன்றும் ஒரு படி அளவில் மூன்று உருளைகள். மூன்று பீங்கான் ஜாடிகள். ஜனவரி முதல் தேதி முத்துராமன் தன் கையாலேயே கிணற்றில் இறைத்து, ஜாடிக்குள் போட்டிருந்த சிவப்புக் கோடுவரை ஊற்றி, கட்டிகளை இறக்கி மூடினான். மாதக் கடைசி நாள் மாலையில் வந்து ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் ஒரு புட்டி பிடித்து, அரக்கு வைத்துப் பம்பாய்க்கு அனுப்புவான். மீதியைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றுவான். நடுவில் உள்ள மாதம் முழுவதும் அந்தத் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். வீட்டாரைக் கூப்பிட்டு, கட்டிகளை யாரும் தொடக் கூடாது என்று சொன்னான். யாரும் தொடவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உடையப்பனுக்கு இது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. எங்கள் கோயிலில் முதல் மாலை யாருக்கு என்று அவன் தகப்பனாரும் என் தகப்பனாரும் கோர்ட்டுக்குப் போனவர்கள். மாலை எங்கள் பக்கம் வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு செம்பு உருண்டாலும் அவன் காது கொடுப்பான். வீட்டின் இரண்டு பாதிக்கும் பொதுவான கிணற்றில் அணு விஷத்தைக் கலக்கிறார்கள் என்று ஊரில் சொன்னான். நான் கடிதத்தைக் காட்டியதும் அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தான். முத்துராமன் மாதக் கடைசியில் வருவதே இல்லை, எங்கேயோ கிணற்றில் தண்ணீர் பிடித்துப் பம்பாய்க்காரர்களை ஏமாற்றுகிறான் என்று ஆராய்ச்சிக்கூடத்துக்கே எழுதிப்போட்டான். எழுதியது அவன் என்பது எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது.

ரெங்கசாமி ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். முகத்தைப் பார்த்ததும் எனக்கு யார் சாயல் என்று பட்டது.

"அன்னவாசல் அய்யாக்கண்ணு மகனா நீ?" என்றேன். அய்யாக்கண்ணு எங்கள் அன்னவாசல் நிலத்தில் நாற்பது வருஷம் பாடுபட்டவன்.

"ஆமாங்க. அய்யாக்கண்ணு மகன்தான். இப்ப ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்" என்று சொல்லி, நான் சொல்லுமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மெய்யம்மை மோர் கொண்டுவரச் சொன்னாள். வேண்டாம் என்றார். செவந்தி கொண்டுவந்து வைத்த பிறகும் தொடவில்லை. அவருடைய தகப்பன் இந்த வீட்டுக்கு வந்தால் பின்கட்டில் நின்று கையேந்திக் குடித்துவிட்டுப் போவான். அதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. இரண்டாவது தரம் நான் உபசரிக்கவில்லை.

அவர் ஜாடிகளைப் பார்க்க வேண்டும் என்றார். ஜாடி இருந்த அறை இரண்டாங்கட்டின் ஓரத்தில். சாவி மெய்யம்மையின் இடுப்பில் இருக்கும். அவள் திறந்துவிட்டாள். உடையப்பனும் கூடவே உள்ளே வந்தான். வீடு பாதி அவனுடையது. போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ரெங்கசாமி பெட்டியிலிருந்து ஒரு சோதனைக் குழாயை எடுத்து முதல் ஜாடித் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினார். இரும்பு உப்புக் கரைசல் ஒன்றைக் கலந்தார். பிறகு குழாயைச் சாய்த்துப் பிடித்து, கந்தக அமிலத்தை ஓரமாக, சொட்டுச் சொட்டாக இறக்கினார். கட்டியில் போட்டிருக்கும் வெடியுப்பு தண்ணீரில் இறங்கியிருந்தால் அமிலமும் தண்ணீரும் சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் வரும் என்று முத்துராமன் எனக்குச் சொன்னான். வளையம் வந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"பதினேழு நாள் ஊறுன தண்ணி" என்றார் ரெங்கசாமி. "இம்புட்டுத்தானா?"

மற்ற இரண்டு ஜாடிகளிலும் அப்படியே இருந்தது. அவர் குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு, எல்லாரையும் மறுபடி வெளியே உட்கார வைத்து, ஒரு காகிதத்தை எடுத்தார்.

மற்ற நான்கு இடங்களிலும் முதல் மாதம் லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் உப்பு கசிந்திருக்கிறது. பிறகு மாதாமாதம் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. அப்படித்தான் குறையும். எங்கள் வீட்டுப் புட்டிகளில் ஒரு மாதம்கூட நூறில் பாதியைத் தொடவில்லை. அதோடு, ஒழுங்காகக் குறையவும் இல்லை. ஏறியும் இறங்கியும் கிடந்தது. ஜனவரியில் நாற்பத்தொன்று, மார்ச்சில் பதினான்கு, ஏப்ரலில் இருபத்திரண்டு, மே மாதம் வெறும் இரண்டு, அக்டோபரில் மறுபடி முப்பது. இதை அவர் வாசித்துவிட்டு, முத்துராமன் ஊறப்போடாமலே பச்சைக் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்திருக்கிறான், சந்தேகம் வராமலிருக்கச் சில மாதங்களில் கொஞ்சம் உப்பைக் கலந்திருக்கிறான் என்று சொன்னார். என் வீட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நான் எழுதுனேன்ல" என்றான் உடையப்பன்.

அப்போதுதான் எழுதியவன் யார் என்று எனக்குத் தெரிந்தது.

"எழுதுனது நீயா?"

"நான்தான் அண்ணே. உள்ளத எழுதினேன். ஒங்க தம்பி மகன் படிச்ச படிப்புக்கு நம்ம கெணத்துத் தண்ணி பம்பாய் வரைக்கும் போயி வந்திருச்சு. நமக்கும் பெருமைதானே."

எழுந்து போ என்று சொல்லியிருந்தால் அதையும் ஊரில் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

ரெங்கசாமி இன்னொரு காகிதத்தை முத்துராமன் முன்னால் வைத்தார். தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். புட்டிகளைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று முத்துராமன் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் விஷயம் ஆராய்ச்சிக்கூடத்தோடு முடிந்துவிடும். போடாவிட்டால் விசாரணை, கல்லூரிக்கும் எழுத வேண்டிவரும். கல்லூரிக்கு எழுதினால் வேலை போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வேலை கிடக்கட்டும். பொய்யன் என்ற பெயரோடு ஒருவன் இந்த வீட்டிலிருந்து வெளியே போக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் ஏழு தலைமுறையில் அப்படி ஒருவன் போனதில்லை.

முத்துராமன் பேனாவைத் திறந்தான்.

"மூடுடா அத" என்றேன்.

"பெரியப்பச்சி, நான் ஒவ்வொரு மாசமும் வந்தேன். ஒங்க முன்னாடிதான் பிடிச்சேன். ஆனா இந்த நம்பருக்கு என்கிட்ட பதில் இல்ல. பதில் இல்லாதவன் என்ன செய்வான்?"

"பதில் இல்லேன்னா பொய்யின்னு எழுதிக் குடுப்பியா?"

"நீங்க பிடிச்சதப் பாத்தீங்களாங்க?" என்று ரெங்கசாமி என்னைக் கேட்டார்.

பார்த்தேன் என்றேன். பத்து மாதமும் பார்த்தேன். வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். இந்த வார்த்தையை என் வயதில் என்னிடம் வேறு யாரும் சொன்னதில்லை. எண்கள் இருந்த அவருடைய காகிதத்தைக் கேட்டேன். அவர் கொடுக்கத் தயங்கினார். கையை நீட்டியபடியே நின்றேன், கொடுத்துவிட்டார்.

முத்துராமன் வரும் நாள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கும். அவன் வந்தால் ராத்திரிப் பலகாரம் எதுவென்று மெய்யம்மை கேட்பாள். வெள்ளிக்கிழமையானால் ஒன்று, மற்ற நாளானால் வேறு. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று அவன் புட்டி பிடித்ததுதான் வெறும் இரண்டு. சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கிழமையைப் பென்சிலால் குறித்தேன். சனிக்கிழமை பிடித்தது ஐந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினான்கும் பதினொன்றும். செவ்வாய், புதனில் இருபதுக்கு மேல். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பது, இந்த மூன்று பெரிய எண்ணும் வியாழக்கிழமை பிடித்தவை.

பென்சிலைக் கீழே வைத்தேன். எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த இடத்தில் வேறு யாருக்கும் புரிந்திருக்க வழியில்லை, ஒருத்தியைத் தவிர. நிமிர்ந்தபோது மெய்யம்மை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இடுப்புச் சாவியைப் பிடித்திருந்தது. நான் பேச வேண்டிய இடத்தில் அவள் முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் பேசியதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. வெள்ளிக்கிழமை விடிந்ததும், வீட்டில் எந்தப் பாத்திரத்தில் எந்தத் தண்ணீர் நின்றாலும் கொட்டிக் கழுவிப் புதுத்தண்ணீர் நிரப்ப வேண்டும். குடம், அண்டா, பூட்டிக் கிடக்கும் அறையில் சாமிக்கு வைத்த செம்பு, எதுவும் தப்பக் கூடாது. என் சிறுவயதில் ஊரில் காலரா கண்டபோது என் தங்கை அலமேலுவும் என் சித்தியும் ஒரே வாரத்தில் போனார்கள். அதன் பிறகு என் தகப்பனார் போட்ட விதி. அவருக்குப் பின் அதைக் காத்தவன் நான். வேறு எந்த வீட்டில் இப்படி இருக்கிறது என்று கல்யாண வீடுகளில் நானே சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அழகி என்று ஒருத்தி எங்களிடம் வேலை பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மச்சு அறையில் ஒரே ஒரு குடத்தை விட்டுவிட்டாள். நான் அன்றைக்கே அவளை நிறுத்தினேன். அவள் இடத்துக்கு வந்தவள்தான் செவந்தி. வந்த முதல் நாள் அழகி ஏன் நின்றாள் என்பதைச் சொல்லித்தான் அவளை உள்ளே விட்டேன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மறைக்காமல் எழுதுகிறேன்: அது எனக்குத் தோன்றியது. முத்துராமன் கையெழுத்துப் போடுவான். ரெங்கசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். எங்கள் விதியும் நாங்களும் இருந்தபடி இருப்போம். பேசினால், உடையப்பன் காது கேட்க, அய்யாக்கண்ணு மகன் முன்னால், தப்பு இந்த வீட்டுத் தலைவனுடையது என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது கௌரவம் என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. முத்துராமனின் பேனா இன்னும் திறந்தே இருந்தது.

"செவந்தி, இங்கிட்டு வா" என்றேன்.

அவள் தூணோரம் வந்து நின்றாள்.

"அந்த அறையில இருக்குற கல்லத் தொட்டியா?"

"இல்லீங்கய்யா. சின்னய்யா தொடக் கூடாதுன்னாங்க. நான் தொடல."

"தண்ணிய?"

"தண்ணி மாத்துனேங்க."

"எப்ப?"

அவள் எங்கள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தாள். கேட்கிற கேள்வியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வெள்ளிக்கெழமதாங்க. வேற எப்ப மாத்துவேன்? ஆச்சிகிட்ட சாவி வாங்கி, செம்பால மோந்து வாளியில ஊத்திட்டு, புதுத்தண்ணி விடுவேன். அந்தச் செவப்புக் கோடு வரைக்கும் சரியா விடுவேங்க. ஒரு வாரமும் தப்புனதில்ல."

முத்துராமன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். வாராவாரம் கொட்டிய தண்ணீரில் கசிந்த உப்பெல்லாம் போயிருக்கிறது. கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எத்தனை நாள் ஊறியதோ அதுமட்டுமே புட்டியில் ஏறியிருக்கிறது. இதை அவன் ரெங்கசாமிக்குச் சொல்லத் தொடங்கினான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வீட்டு வேலைக்காரம்மா வீட்டுக்காரவுக சொல்லச் சொன்னதத்தான் சொல்லும்" என்றார்.

உடையப்பன் சிரித்தான். "அண்ணனுக்கு மூளை இன்னும் நல்லா வேலை செய்யுது. காலண்டரப் பாத்து அஞ்சே நிமிசத்துல கதை கட்டிட்டாக."

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ரெங்கசாமி சொன்னது சரி. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் செவந்தியிடம் கொட்டிய தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். அவள் பின்பக்கம் அழைத்துப் போனாள். நாங்களும் போனோம். தண்ணீரைத் தெருவில் கொட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. துவைக்கல்லில் ஊற்றினால் அது ஓடி கிழக்கு மூலை வாழைக்குப் போகும். மேற்கு மூலையில் இன்னொரு வாழைக்கட்டை இருக்கிறது. அதற்கு அடுப்படித் தண்ணீர்.

ரெங்கசாமி ஜாடிகளைப் பார்த்ததைவிட அதிக நேரம் அந்த இரண்டு வாழைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு அது வாழை. அவர் வயலில் வளர்ந்தவர்.

"கெழக்கு மூலை வாழைக்கு என்ன உரம் வைக்கிறீங்க?"

ஒன்றும் வைப்பதில்லை என்றேன்.

"எலை கருத்துக் கெடக்கு. ரெண்டும் ஒரே கட்டையா?"

ஒரே கட்டைதான், ஒரே நாள் வைத்தது, பூவன் என்றாள் மெய்யம்மை. அன்று அவள் அவரிடம் பேசியது அதுதான்.

"எங்கப்பாரு ஒங்க வயல்ல மூட்டை மூட்டையா அமோனியா போட்டப்பகூட எலை இப்பிடிக் கருத்து நான் பாத்ததில்லைங்க" என்றார். கட்டியில் இருக்கும் வெடியுப்பும் பயிருக்கு உரம்தான் என்று முத்துராமனைப் பார்த்துச் சொன்னார். அதன்பின் குனிந்து துவைக்கல்லைப் பார்த்தார். வாளி கவிழும் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நாங்கள் தினமும் பார்த்ததுதான். சவர்க்காரம் என்று நினைத்திருந்தோம்.

அவர் பெட்டியைக் கொண்டுவரச் செய்து, பேனாக் கத்தியால் அந்தப் பூப்பைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்தார். கிழக்கு வாழை மண்ணில் கொஞ்சம், மேற்கு வாழை மண்ணில் கொஞ்சம் எடுத்துத் தனித்தனியே கரைத்து வடிகட்டினார். மூன்று குழாய்களிலும் முன்போலவே அமிலத்தை இறக்கினார். மேற்கு வாழை மண்ணில் வளையம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கிழக்கு மண்ணில் தெளிவாக இருந்தது. துவைக்கல் பூப்பில் விரல் கனத்துக்குக் கறுத்த பழுப்பு வளையம் நின்றது. அவர் அந்தக் குழாயை உடையப்பன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு மூன்று கட்டிகளில் ஒன்றை இடுக்கியால் வெளியே எடுத்தார். விளிம்பை நகத்தால் கீறினார். மாவாக உதிர்ந்தது. நின்ற தண்ணீரில் கிடந்த கட்டி பத்து மாதத்தில் இப்படி ஆகாது, இது நாற்பது தரத்துக்குமேல் தண்ணீர் மாறிய கட்டி என்றார். முத்துராமன் புட்டியில் பொய் செய்யவில்லை என்பது அத்தோடு முடிந்தது. ஆனால் அவன் முகம் தெளியவில்லை. அவனுடைய பத்து மாத வேலை எங்கள் துவைக்கல்லில் பூத்துக் கிடந்தது.

மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தோம். ரெங்கசாமி தட்டச்சுக் காகிதத்தைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வேறொரு வெள்ளைத் தாளை எடுத்தார். என்ன நடந்தது என்று எழுதி யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அது பம்பாயில் பல மேசைகளுக்குப் போகும், முப்பது பேராவது படிப்பார்கள் என்றார்.

"வேலைக்காரம்மா வெவரம் தெரியாம செஞ்சிருச்சுன்னு எழுதிக்கலாமுங்க. ஒங்க பேரு வராது."

அவர் இதை நல்லெண்ணத்தில் சொன்னாரா, என்னைப் பார்ப்பதற்காகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. செவந்தி தூணோரமே நின்றாள். அழகியின் ஞாபகம் அவளுக்கு வந்திருக்கும்.

"அவ வெவரம் தெரியாம செய்யல" என்றேன். "நான் சொன்னதச் செஞ்சா. வெள்ளிக்கெழம இந்த வீட்டுல பழந்தண்ணி நிக்கக் கூடாதுங்கிறது என் உத்தரவு. மாத்தலேன்னா அவள நிறுத்தியிருப்பேன். அப்பிடியே எழுதுங்க."

"அப்பிடியேவாங்க?"

"அழகிய நிறுத்துனதையும் சேத்து எழுதுங்க. இல்லேன்னா இவ ஏன் ஒரு வாரமும் தப்பலைன்னு அவுகளுக்கு வெளங்காது."

அவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். நான் இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். என்னைப் பற்றி "மரியாதைக்குரிய" என்று போட்டிருந்ததை எடுக்கச் சொன்னேன். என் பெயர், தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு உடையப்பனிடம் நீட்டினார். அவன் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றான். கண்ணாடி அவன் சட்டைப் பையில் இருந்தது. மெய்யம்மை கையெழுத்துப் போட்டாள்.

ரெங்கசாமி கிளம்பும்போது கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மோர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

முத்துராமன் என்னிடம் கோபித்துக்கொண்டு போனான். சந்தோஷப்படுவான் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. "தண்ணிய மாத்தக் கூடாதுன்னு நான் சொல்லாதது என் தப்பு. மாத்துவாகன்னு ஒங்களுக்குத் தோணாதது யார் தப்பு பெரியப்பச்சி?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் கார் பிடித்து வந்து ஜாடிகளையும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் நான்கு அண்டாவையும் எடுத்துப் போனான். கல்லூரியில் எப்படியோ ஒரு மூலை கிடைத்துவிட்டது. புதுக் கட்டிகளோடு முதலிலிருந்து தொடங்கி இரண்டு வருஷம் செய்து முடித்தான். அதன் எண்கள் மற்ற இடங்களைப்போல ஒழுங்காக இறங்கின என்று கேள்விப்பட்டேன். இப்போது தீபாவளிக்கு மட்டும் வருகிறான். வெள்ளிக்கிழமையானால் வருவதில்லை.

செவந்தி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறாள். விதியும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் மாறுகிறது. அழகியின் வீட்டுக்கு நான் ஒரு தரம் போனேன். அவள் கதவைத் திறக்கவில்லை. அவளுக்கு அந்த உரிமை உண்டு.

இனி, நான் இதை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். உடையப்பன் ஊரில் பரப்பியது எனக்குப் பொருட்டல்ல. கிழக்கு மூலை வாழை அணுத் தண்ணீர் குடித்து வளர்ந்தது, அதன் தாரை ஆவுடையப்பன் வீட்டில் குழி வெட்டிப் புதைத்தார்கள் என்றான். புதைக்கவில்லை. பதினோரு சீப்பு இருந்தது, பழுத்ததும் தின்றோம். அவன் வீட்டுக்கும் ஒரு சீப்பு போனது. திரும்பி வரவில்லை.

எனக்குப் பொறுக்காதது என்னைப் புகழ்கிறவர்களின் பேச்சு. சென்ற மாதம் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் என் காதுபடவே சொன்னார்கள். முத்துராமன் உண்மையில் பொய்ப் புட்டி அனுப்பியவன்தானாம். குடும்ப மானத்துக்காக ஆவுடையப்பன் வெள்ளிக்கிழமைக் கதையைக் கட்டி, தம்பி மகன் பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டானாம். எவ்வளவு பெரிய மனது என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். கையை உதறிவிட்டு வந்தேன்.

அது பொய். முத்துராமன் பிடித்த முப்பது புட்டியும் அந்த ஜாடிகளில் பிடித்தவை. யாருடைய பழியையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. தண்ணீரைக் கொட்டச் சொன்னவன் நான்.